ஆர்கானிக் டீ பரிசா? பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்த பரிசுகளில் வழக்கமான முந்திரி டப்பா, சோன்பப்டி எல்லாம் போக ஒரு டீ பெட்டியும் இருந்தது. தடித்த அட்டைப் பெட்டி, உள்ளே வைக்கோல் மாதிரி நறுக்கிய காகிதம், அதற்குள் ஆறு குட்டி டப்பா: கிரீன் டீ, ஒயிட் டீ, டார்ஜிலிங், துளசி இஞ்சி, சங்குப்பூ, கெமோமில். ஆறிலும் பச்சை எழுத்தில் 'ஆர்கானிக்'.

பெட்டியைத் திறந்த அரை மணி நேரத்தில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து வந்துவிட்டது. "ஆர்கானிக்னா பால் ஊத்தக் கூடாதுல்ல?" என்றார் அத்தை. "இதுல கஃபீன் கிடையாது, ராத்திரிகூடக் குடிக்கலாம்" என்றார் சித்தப்பா. அம்மாவுக்கு எது சர்க்கரையைக் குறைக்கும் என்று தெரிய வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா, "கிரீன் டீக்குத்தானே இப்ப ஆர்கானிக் டீன்னு பேரு" என்று முடித்தே விட்டார்.

நான்கு பேர் சொன்னதும் சரியில்லை. ஆனால் அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, ஏனென்றால் அந்தப் பெட்டியே அப்படித்தான் குழப்புகிறது. வேறு வேறு விஷயங்களைச் சொல்லும் வார்த்தைகளை ஒரே அளவு எழுத்தில் ஒரே டப்பாவில் அச்சடித்து வைத்தால் யாருக்குத்தான் பிரித்துப் பார்க்கத் தோன்றும்? வருகிற பண்டிகைக்கு யாருக்காவது இப்படி ஒரு பெட்டி வாங்கிக் கொடுக்க நினைத்தால், அல்லது உங்களுக்கே வந்து அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தால், மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டாலே போதும். இது எந்தச் செடி? பறித்த பிறகு அதை என்ன செய்தார்கள்? அந்தச் செடியை எப்படி வளர்த்தார்கள்? 'ஆர்கானிக்' என்பது மூன்றாவது கேள்விக்கு மட்டும்தான் பதில்.

## ஒரே நெல், பச்சரிசியும் புழுங்கலரிசியும்

நெல்லை அப்படியே காயவைத்துக் குத்தினால் பச்சரிசி. வேகவைத்துக் காயவைத்துக் குத்தினால் புழுங்கலரிசி. இடித்துத் தட்டினால் அவல், பொரித்தால் பொரி. யாரும் 'பொரிச் செடி' என்று ஒன்று இருப்பதாக நினைப்பதில்லை. ஆனால் கிரீன் டீக்கு ஒரு செடி, பிளாக் டீக்கு ஒரு செடி என்று நினைப்பவர்கள் நிறைய.

எல்லாம் ஒரே செடிதான். தாவரவியலில் அதன் பெயர் கமேலியா சைனென்சிஸ். அதில் பெரிய பிரிவுகள் இரண்டு: சிறிய இலை உள்ள சீன வகை, பெரிய இலை உள்ள அசாம் வகை. கூடலூரிலோ வால்பாறையிலோ ஒரே புதரிலிருந்து காலையில் பறிக்கிற கொழுந்தை கிரீன் டீயாகவும் ஆக்கலாம், பிளாக் டீயாகவும் ஆக்கலாம். எந்த வகைக்கு எது நன்றாக வரும் என்பது உண்டு, அது வேறு கதை. கொழுந்து என்றால் கிளை நுனியில் இருக்கும் ஒரு மொட்டும் அதற்குக் கீழே உள்ள இரண்டு இளம் இலைகளும்.

## நறுக்கிய கத்தரிக்காய் ஏன் கருக்கிறது

அப்படியானால் வித்தியாசம் எங்கே வருகிறது? கத்தரிக்காயை நறுக்கி வைத்துவிட்டு போன் பேசப் போனால் திரும்பி வருவதற்குள் கருத்துப் போகிறதே, அங்கேதான். வாழைப்பூவை நறுக்கியதும் மோரில் போடுகிறோமே, அதுவும் இதே விஷயம்தான்.

இலைக்குள்ளே சில பொருள்களும் ஒரு நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நொதி என்பது உயிருள்ளவற்றில் வேதி மாற்றங்களை விரைவாக்குகிற பொருள். இலையைக் கசக்கினால் அறைச் சுவர் உடைந்து இரண்டும் கலந்து, காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்து, பச்சை இலை செம்பு நிறமாக மாறுகிறது. மணமும் சுவையும் அதோடு சேர்ந்தே மாறுகின்றன. இதுதான் ஆக்சிஜனேற்றம். டீ பேக்டரிகளில் இதை இன்றும் 'ஃபெர்மென்டேஷன்' என்றுதான் சொல்கிறார்கள், அதனால் இட்லி மாவு மாதிரி புளிக்கவைக்கிறார்கள் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். இட்லி மாவில் வேலை செய்வது நுண்ணுயிர்கள், இங்கே வேலை செய்வது இலையின் சொந்த நொதி. நிஜமாகவே நுண்ணுயிர்கள் வேலை பார்க்கும் டீயும் உண்டு, சீனாவின் யுன்னான் பக்கத்து பூ-ஏர் அப்படிப்பட்டது.

பிளாக் டீக்கு இலையை முதலில் பல மணி நேரம் காற்றில் வாடவைப்பார்கள். அப்புறம் உருட்டிக் கசக்கி, நன்றாகக் கருக்கவிட்டு, கடைசியில் சூடான காற்றில் உலர்த்துவார்கள். குன்னூர் பாதையில் ஏதாவது ஒரு பேக்டரியைத் தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியாக ஒரு வாசனை வருமே, அது இதுதான். கிரீன் டீக்கு நேர்மாறு: கருப்பதற்கு முன்பே சூடுகாட்டி நொதியை முடக்கிவிடுவார்கள். ஜப்பானில் பெரும்பாலும் ஆவியில், சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வறுத்து. ஊலாங் என்பது பாதி வழியில் நிறுத்தியது. ஒயிட் டீ என்றால் மொட்டையோ இளம் இலையோ வாடவைத்து உலர்த்துவது மட்டும், உருட்டுவதில்லை.

இன்னொன்று. நாம் தினமும் குடிக்கிற டீத்தூள் பெரும்பாலும் 'சி.டி.சி.' முறையில் வந்தது. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டி, கடுகு மணி மாதிரி ஆக்கும் முறை. 1930களில் அசாமில் வந்தது. சீக்கிரம் நிறம் இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும். முழு இலையாக உருட்டும் பழைய முறைக்கு 'ஆர்த்தடாக்ஸ்' என்று பெயர், பரிசுப் பெட்டிகளில் வருவது அநேகமாக இதுதான். டஸ்ட் டீ என்றால் தரையைக் கூட்டி அள்ளியது என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் உண்டு. அது பொய். கோதுமையை உடைத்துச் சலித்தால் குருணை, ரவை, மாவு என்று பிரிகிற மாதிரி டீயையும் சலித்துப் பிரிக்கிறார்கள், அதில் மிக நுண்ணியது டஸ்ட். தமிழ்நாட்டு டீக்கடைகள் ஓடுவதே அதில்தான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கிரீன், ஒயிட், ஊலாங், பிளாக் எல்லாம் ஒரே செடி. பெயர் மாறுவது பறித்த பிறகு நடக்கும் வேலையால். இதில் ஆர்கானிக் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா?

## டீயே இல்லாத டீ

எங்கள் பெட்டியில் இருந்த ஆறில் மூன்று டப்பாவில் டீயே கிடையாது. கெமோமில் ஒரு பூ. சங்குப்பூ நம் வேலியில் படர்கிற அதே சங்குப்பூ. துளசி இஞ்சி டப்பாவில் இருந்தது துளசியும் இஞ்சியும் மட்டும். இவற்றை மூலிகை டீ என்கிறார்கள். பழக்கத்தில் அப்படிச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சுக்கு மல்லிக் காப்பியில் மட்டும் காப்பிக் கொட்டையா இருக்கிறது?

ஆனால் இந்தப் பிரிவினை தெரிந்திருப்பது முக்கியம், ஏனென்றால் கஃபீன் விஷயம் இங்கேதான் முடிவாகிறது. தேயிலைச் செடி பூச்சிகளைத் தள்ளிவைக்கத் தானே கஃபீன் செய்துகொள்கிறது. அதனால் கிரீன் டீ, ஒயிட் டீ, பிளாக் டீ மூன்றிலும் அது உண்டு. ஒயிட் டீ வெளிர் நிறமாக இருப்பதால் கஃபீன் குறைவு என்று நினைப்பதும் தப்பு, செடியில் கஃபீன் அதிகம் இருப்பதே இளம் மொட்டில்தான். துளசி, கெமோமில், எலுமிச்சைப் புல், செம்பருத்தி இவற்றில் கஃபீன் இல்லை. ஆர்கானிக்காக வளர்த்தாலும் வளர்க்காவிட்டாலும் இதில் ஒரு மாற்றமும் இல்லை. 'துளசி கிரீன் டீ' என்று எழுதியிருந்தால் அதில் தேயிலையும் இருக்கிறது, எனவே கஃபீனும் இருக்கிறது. காஷ்மீர் கஹ்வாவும் அப்படித்தான், அடிப்படை கிரீன் டீ.

சித்தப்பா அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு ஒயிட் டீயை இரண்டு கப் குடித்துவிட்டு ஒரு மணி வரை பழைய பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் நான் அவருக்குச் சங்குப்பூவைப் போட்டுக் கொடுத்தேன். கொதிநீர் ஊற்றியதும் மை மாதிரி நீலம். அரை எலுமிச்சம்பழத்தை மேலே பிழியச் சொன்னேன். சாறு விழுந்த இடத்திலிருந்து நீலம் ஊதாவாகக் கலங்கி, ஸ்பூனால் ஒரு சுற்றுச் சுற்றியதும் கப் முழுக்க நாவல்பழ நிறம். பூவில் உள்ள நிறமி புளிப்பு பட்டால் நிறம் மாறும், அவ்வளவுதான். ருசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் பேரன் பேத்திகளைக் கூப்பிட்டு நாலு தடவை செய்து காட்டிவிட்டார். பரிசாகக் கொடுக்க ஒரு பொருளுக்கு இது போதாதா?

மூலிகைக் கலவையில் ஒரே ஒரு எச்சரிக்கை. நிறைய கலவைகளில் இனிப்புக்காக அதிமதுரம் சேர்ப்பார்கள். அதைத் தினமும் நிறையக் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். பி.பி. மாத்திரை சாப்பிடுகிற பெரியவருக்குக் கொடுப்பதாக இருந்தால் சேர்மானப் பட்டியலை ஒரு தடவை படித்துவிடுங்கள். அதுவும் ஆர்கானிக் அதிமதுரமாகத்தான் இருக்கும், ஆனால் அதிமதுரம் அதிமதுரம்தானே.

## 'சைவ உணவகம்' என்ற பலகை

இனி நம் மூன்றாவது கேள்வி. ஒரு ஓட்டல் வாசலில் 'உயர்தர சைவ உணவகம்' என்று பலகை. அந்தப் பலகை எதற்கு உத்தரவாதம்? அடுப்படிக்குள் மீனும் கறியும் வருவதில்லை என்பதற்கு. சாம்பார் ருசியாக இருக்கும் என்பதற்கோ, எண்ணெய் புதுசு என்பதற்கோ, பரிமாறுகிறவருக்கு நல்ல சம்பளம் என்பதற்கோ, அங்கே சாப்பிட்டால் இளைத்துவிடுவீர்கள் என்பதற்கோ அது பொறுப்பேற்காது. சைவப் பலகை மாட்டிய ஓட்டலில் படுமோசமான சாப்பாட்டை நாம் எல்லோரும் சாப்பிட்டிருக்கிறோம்.

ஆர்கானிக் முத்திரையும் அடுப்படியைப் பற்றியதுதான், இங்கே அடுப்படி என்பது தோட்டம். யூரியா போன்ற ரசாயன உரமும், ரசாயனப் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் போடாமல் வளர்த்தார்கள், பேக்டரியிலும் மற்ற இலையோடு கலக்காமல் தனியாக வைத்துத் தயாரித்தார்கள், இதை வெளியாள் ஒருவர் வந்து ஏடுகளைப் பார்த்துச் சோதித்தார் என்று அது சொல்கிறது. மருந்தே தெளிக்கவில்லை என்று பொருளில்லை. வேப்பெண்ணெய் மாதிரி அனுமதிக்கப்பட்ட பொருள்களின் பட்டியல் ஒன்று உண்டு, அதிலிருந்து தெளிக்கலாம்.

ஒரு தோட்டம் நினைத்த மறுநாளே ஆர்கானிக் ஆகிவிட முடியாது. தேயிலை மாதிரி பல்லாண்டுப் பயிருக்குப் பொதுவாக 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்த இடைக்காலத்துக்கு மாற்றக் காலம் என்று பெயர். அந்த வருஷங்களில் ரசாயனமும் போடக் கூடாது, முழு ஆர்கானிக் என்று விற்கவும் கூடாது. மகசூலும் குறைந்து விலையும் கிடைக்காத காலம் அது, பல சின்ன விவசாயிகள் பாதியில் விட்டுவிடுவது இங்கேதான்.

மகசூல் ஏன் குறைகிறது? தேயிலையில் நாம் எடுப்பது இலை. பழமோ விதையோ அல்ல, வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்ப இலை. ஒவ்வொரு தடவை கொழுந்து எடுக்கும்போதும் மண்ணிலிருந்த நைட்ரஜன் கொஞ்சம் தோட்டத்தை விட்டு வெளியே போகிறது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். மக்கிய உரத்தில் 1 அல்லது 2 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது 23 கிலோ நைட்ரஜன், அதையே 2 சதவீத மக்கு உரத்தில் கொடுக்க 1150 கிலோ வேண்டும். ஒரு மூட்டை இருந்த இடத்தில் இருபத்துமூன்று மூட்டை. அதை மலைச்சரிவில் தலையில் சுமந்து ஏற்ற வேண்டும். ஆர்கானிக் டீ விலை ஏன் அதிகம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் காரணம் இதுதான். அப்புறம் செடியைத் தாக்கும் தேயிலைக் கொசு, செஞ்சிலந்தி, மழைக்காலத்துக் கொப்புள நோய் எல்லாம் வரிசையில் நிற்கின்றன.

இலங்கை இதை நாடளவில் பட்டுத் தெரிந்துகொண்டது. 2021இல் அரசு ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்தது, மூன்று ஆண்டு மாற்றக் காலம் எல்லாம் இல்லை, ஒரே அடியாக. அந்த நவம்பரிலேயே பின்வாங்கவும் வேண்டியிருந்தது. 2021இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக இறங்கியது. அந்த வருஷம் எரிபொருள் தட்டுப்பாடு, பொருளாதார நெருக்கடி எல்லாமே சேர்ந்துகொண்டது என்பதால் மொத்தப் பழியையும் உரத்தடை மேல் போட முடியாது. இதைக் காட்டி ஆர்கானிக்கே பித்தலாட்டம் என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் அவசரம்தான். டார்ஜிலிங்கில் மகாய்பாரி தோட்டம் 1988 முதல் ஆர்கானிக் சான்று வாங்கி நடத்துகிறது. சிக்கிமின் தெமி தோட்டத்துக்கு 2008இல் சான்று கிடைத்தது. நம் நீலகிரியில் குந்தா பக்கம் கோரகுந்தா தோட்டம் அவ்வளவு உயரத்தில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. இவர்கள் பல வருஷங்கள் எடுத்துக்கொண்டு மண்ணைத் தயார்செய்தார்கள்.

குடிப்பவருக்கு என்ன லாபம் என்று கேட்டால், அரிசியைக் கழுவுகிறோம், கீரையைக் கழுவுகிறோம், ஆனால் தேயிலையைப் பறித்ததிலிருந்து டப்பாவில் அடைக்கும் வரை யாரும் கழுவுவதில்லை. அதில் படுகிற முதல் தண்ணீர் நம் கப்பில் ஊற்றுகிற வெந்நீர்தான். அதனால் தெளித்தது என்ன என்று யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. சாதாரணத் தேயிலைக்கும் பூச்சிக்கொல்லி எச்சத்துக்குச் சட்டப்படி வரம்பு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தினமும் விஷம் குடிப்பதாக அத்தை பயந்துவிடுவார். என்னைக் கேட்டால் பெரிய லாபம் தோட்டத்தில் மருந்தடிக்கிறவருக்கும், கீழே ஓடும் ஓடைக்கும்தான்.

சுருக்கமாக: ஆர்கானிக் என்பது வளர்த்த விதத்துக்கான சான்று. பல வருஷ வேலை, அதனால் விலை. ருசி, கஃபீன், உடல் எடை எதைப் பற்றியும் அது வாய் திறப்பதில்லை.

## எந்த முத்திரை எதைச் சொல்கிறது

இந்தியாவில் 'ஆர்கானிக்' என்று எழுதிக் கடையில் விற்கும் உணவுப் பொருளுக்குச் சான்று கட்டாயம். 'ஜைவிக் பாரத்' என்ற இலச்சினையைத் தேடுங்கள், உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்தது. அதன் பின்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, என்.பி.ஓ.பி. என்ற தேசியத் திட்டம், அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வந்து சோதித்துச் சான்று தரும், ஏற்றுமதிக்கும் இதுவே. இரண்டாவது பி.ஜி.எஸ்., சின்ன விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சோதித்துக்கொள்வது. அதில் 'பி.ஜி.எஸ். கிரீன்' என்று இருந்தால் இன்னும் மாற்றக் காலத்தில் இருக்கிறார்கள் என்று பொருள், 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்' என்றால் முடித்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால் அமெரிக்காவின் யு.எஸ்.டி.ஏ. வட்டமோ, ஐரோப்பாவின் நட்சத்திர இலையோ இருக்கும். கலவை டீ என்றால் சேர்மானத்தில் 95 சதவீதம் ஆர்கானிக்காக இருந்தாலே இந்த முத்திரைகள் கிடைக்கும்.

பச்சைத் தவளை படம் போட்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முத்திரையை ஆர்கானிக் என்று நினைக்காதீர்கள், அது வேறு விதிகள், சில ரசாயனங்களுக்கு அனுமதி உண்டு. ஃபேர்டிரேட் என்பது விலை, கூலி பற்றியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'ஆர்கானிக் வாங்கினால் தோட்டத் தொழிலாளிக்கு நல்லது' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறவர்களில் நானும் ஒருத்தி. மருந்து விஷயத்தில் அது உண்மை, கூலி விஷயத்தில் அந்த முத்திரைக்குச் சம்பந்தமே இல்லை. இலங்கை மலையகத்தில் நாட்கூலி 1000 ரூபாய் வேண்டும் என்று பல வருஷம் போராடி 2021இல்தான் அது அரசிதழில் ஏறியது.

'இயற்கையான', 'தூய', 'மலைத் தோட்டத்தின்' போன்ற சொற்களுக்குச் சான்று எதுவும் தேவையில்லை. அவற்றைப் பார்த்து ஆர்கானிக் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## சரி, என்ன வாங்கலாம்

முதலில் எடையைப் பாருங்கள். ஒரு கப்புக்குத் தோராயமாக 2 கிராம் இலை வேண்டும். 25 கிராம் டப்பா என்றால் பன்னிரண்டு கப். ஆறு டப்பா சேர்த்து 150 கிராம்தான், அதை விலையோடு வைத்து யோசித்தால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரியும். பாதி விலை அட்டைப் பெட்டிக்கு. தப்பில்லை, பரிசு என்றால் அதுவும் வேண்டும்தான், தெரிந்து கொடுத்தால் சரி.

அடுத்து தேதி. 'பெஸ்ட் பிஃபோர்' பார்ப்பதைவிடப் பேக் செய்த தேதியைப் பாருங்கள். பிளாக் டீ ஒரு வருஷம் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். கிரீன் டீ அப்படி இல்லை, சில மாதங்களிலேயே காய்ந்த வைக்கோல் வாடை வர ஆரம்பிக்கும். பண்டிகைக்கென்று முன்கூட்டியே கட்டிவைத்த பெட்டிகளில் இது அடிக்கடி நடக்கும்.

பைகள் என்றால் பை எதனால் ஆனது என்று பாருங்கள். பளபளவென்று பட்டுத்துணி மாதிரி இருக்கும் முக்கோணப் பைகளில் சில நைலான். 2019இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் அப்படிப்பட்ட பிளாஸ்டிக் பைகளைச் சூடான நீரில் போட்டு, அவற்றிலிருந்து நுண்பிளாஸ்டிக் துகள்கள் கோடிக்கணக்கில் இறங்குவதாகச் சொன்னார்கள். எண்ணிக்கையைப் பற்றி விவாதம் உண்டு. எப்படியோ, உள்ளே இருக்கும் இலைக்குத்தான் ஆர்கானிக் சான்று, பைக்கு அல்ல. நான் இலையாகவே வாங்குவேன், ஒரு சின்ன வடிகட்டியையும் சேர்த்துக் கொடுப்பேன்.

வாசனை மெழுகுவர்த்தியும் டீயும் ஒரே கூடையில் வைத்த பரிசு வேண்டவே வேண்டாம். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். சீனாவில் மல்லிகை டீ செய்வதே இப்படித்தான், இலையோடு மல்லிகைப் பூவைக் கலந்து ராத்திரி முழுக்க வைப்பார்கள், பூவின் வாசம் இலைக்குப் போய்விடும். இந்த விவரம் தெரியாத காலத்தில் நானே அப்படி ஒரு கூடை கட்டித் தோழிக்கு அனுப்பினேன். "டீ சோப்பு மாதிரி இருக்குடி" என்றாள். அதே காரணத்துக்காகத்தான் வீட்டிலும் டீ டப்பாவைச் சாம்பார் பொடி, பெருங்காயம் பக்கத்தில் வைக்கக் கூடாது.

கிறிஸ்துமஸ், பொங்கல் சமயம் என்றால் நீலகிரியின் பனிக்காலத் தேயிலை கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி விழும் நாட்களில் செடி மெதுவாக வளரும், அப்போது எடுக்கிற கொழுந்தில் பூ மாதிரி ஒரு மணம் இருக்கும். அளவு குறைவுதான். எல்லாமே ஆர்கானிக் என்றும் நினைக்க வேண்டாம், முத்திரையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் எங்கிருந்தோ வந்த ஆறு டப்பாவைவிட, நம் பக்கத்து மலையின் இந்த ஒரு டப்பா எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்கு என் பதில் சின்னது: சர்க்கரை போடாத டீ நல்ல பானம், மருந்து அல்ல. சாப்பாட்டோடு குடித்தால் உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும், அதனால் சோகை உள்ளவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பது நல்லது. அம்மாவிடம், சர்க்கரை குறைய மாத்திரையும் நடையும்தான், கெமோமில் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

## போடுகிற விதத்தையும் சேர்த்துக் கொடுங்கள்

பரிசு டீ அலமாரியில் கிடந்து வீணாவதற்கு முக்கியக் காரணம் இது. நமக்குப் பழக்கம், தண்ணீரில் தூளைப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிடுவது. சி.டி.சி. தூளுக்கு அது சரி. கிரீன் டீயை அப்படிச் செய்தால் கஷாயம். அதற்குக் கொதித்த தண்ணீரை இறக்கி நாலைந்து நிமிஷம் ஆறவிட்டு, 75, 80 டிகிரிக்கு வந்ததும் இலையில் ஊற்றி, இரண்டு நிமிஷத்தில் வடித்துவிட வேண்டும். டார்ஜிலிங்குக்குக் கொதித்த சூட்டிலேயே ஊற்றலாம், மூன்று நிமிஷம். மூலிகைகளை ஐந்தாறு நிமிஷம் மூடிவைத்தாலும் கசக்காது. பால் ஊற்றலாமா என்பதற்கும் ஆர்கானிக்குக்கும் தொடர்பில்லை. கனமான பிளாக் டீ பாலைத் தாங்கும், மெல்லிய டீ தாங்காது, அவ்வளவுதான். அத்தை அந்த டார்ஜிலிங்கை மறுநாள் காலையில் இஞ்சி தட்டிப் போட்டுப் பாலோடு கொதிக்கவைத்து, "என்ன இது, வெந்நீர்ல பால் ஊத்தின மாதிரி இருக்கு" என்று சிங்கில் கொட்டினார். பார்த்துப் பார்த்துப் பறித்த கொழுந்து, அதற்கு இந்தக் கதி.

வருகிற பொங்கலுக்கு நானே பெட்டி கட்டப் போகிறேன். அத்தைக்குக் கால் கிலோ ஆர்கானிக் சி.டி.சி. தூளும் கொஞ்சம் ஏலக்காயும். சித்தப்பாவுக்குத் தேயிலை இல்லாத மூன்று மட்டும், சங்குப்பூ டப்பா பெரிதாக, கூட நாலு எலுமிச்சம்பழம். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கிரீன் டீ, டப்பா மூடியில் ஒட்டிய துண்டுச் சீட்டில் என் கையெழுத்தில் ஒரே வரி: 'கொதிக்க விடாதீங்க அக்கா, ரெண்டு நிமிஷம் போதும்.'